கரந்தமலை அடிவாரத்து எறும்பு

குடும்ப வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை

சித்தப்பா (நத்தம்), மாலை 6.10
மாந்தோப்பில் எறும்பு மறுபடியும் பெருகிவிட்டது. போன வாரம் வரப்போரம் மண்ணெண்ணெய் ஊற்றி, எறும்புப் பொடியும் இரண்டு பொட்டலம் தூவினேன். இரண்டு நாள் அடங்கியிருந்துவிட்டு, இப்போது கிணற்று மேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் ஏறி நிற்கிறது. ஆட்டுக்குட்டி ஒன்று கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறது. இது அமெரிக்காவை அலைக்கழித்த நெருப்பெறும்பு என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்துச் சொல்கிறார். கவிதா, நீ பூச்சியியல் படிப்பவள். எந்த மருந்தை வாங்கட்டும்?

அத்தை (திருநகர்), 6.14
தம்பி, முதலில் குட்டியின் கண்ணை நல்ல தண்ணீரில் கழுவி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ. மருந்து எங்கும் ஓடிப்போகாது.

கவிதா (ஒத்தக்கடை), 6.31
அத்தை சொல்வதை உடனே செய்யுங்கள், சித்தப்பா. அவர் சொல்லும் சிவப்பு நெருப்பெறும்பு தென் அமெரிக்காவில் தோன்றி, 1930களில் கப்பல் வழியாக அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. அது தாடையால் கவ்விக்கொண்டு கொடுக்கால் கொட்டும். மறுநாள் சீழ்க்கொப்புளம் எழும். உங்களுக்கு அப்படி எழுந்ததா?

சித்தப்பா, 6.50
கொப்புளம் எதுவும் இல்லை. மேலே ஊர்ந்தால் தோல் எரிகிறது. மஞ்சள் நிறம், நீண்ட கால். வரிசையாகப் போகாமல் கிறுக்குப் பிடித்ததுபோல் ஓடுகிறது.

கவிதா, 7.05
அப்படியானால், 2022-இல் கரந்தமலையைச் சுற்றிய ஊர்களில் ஆடுமாடுகளைப் படுத்திய அதே ‘யெல்லோ கிரேசி’ எறும்பாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கொட்டத் தெரியாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். குட்டியின் கண்ணைக் கெடுத்தது அதுவாக இருக்கலாம்.

பெரியப்பா (மதுரை), 7.12
கிறுக்கெறும்பு என்று எழுது அம்மா, நம் ஊருக்கு அது போதும். பொடி ஏன் பலிக்கவில்லை என்பதை மட்டும் முழு வாக்கியத்தில் விளக்கு. ஓய்வு பெற்றாலும் எனக்குத் தமிழாசிரியர் குணம் போகவில்லை.

கவிதா, 7.40
பொடி பட்ட எறும்பு அங்கேயே சாகிறது, பெரியப்பா. புற்றுக்குள் முட்டையிடும் ராணிக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. கிறுக்கெறும்புக் கூட்டத்திலோ ராணிகள் பல. நெருப்பெறும்பு ஆய்வாளர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். 1957 முதல் அமெரிக்க அரசு விமானத்திலிருந்து ஹெப்டாக்ளோர், டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லிகளைத் தூவியதில் பறவைகள் மடிந்தன. நெருப்பெறும்போ பரவிக்கொண்டே போனது. அதன்பின் வந்த, மைரெக்ஸ் என்ற நஞ்சு கலந்த இரை, நெருப்பெறும்புடன் போட்டியிடும் உள்ளூர் எறும்புகளையும் கொன்றதால், காலியான நிலத்தை நெருப்பெறும்பே முதலில் பிடித்தது. இன்றைய முறையில், சோள நொய்யைச் சோயா எண்ணெயில் ஊறவைத்து, மெதுவாக வேலைசெய்யும் நஞ்சைச் சேர்க்கிறார்கள். தூக்கிச் செல்லும் எறும்பு வழியிலேயே செத்தால் பயனில்லை. அது புற்றுக்குத் திரும்பி, மற்றவற்றுக்கு ஊட்டி, ராணி வரை கொண்டுசேர்க்கும் அளவுக்குப் பொழுது கிடைக்க வேண்டும்.

சித்தப்பா, 7.48
அந்தச் சோள நொய்யே கிடைக்குமா?

கவிதா, 7.55
கிடைத்தாலும் வேண்டாம். எண்ணெய் இரை நெருப்பெறும்புக்கானது. கிறுக்கெறும்புக்கு இனிப்பின் மேல்தான் ஆசை அதிகம்.

அத்தை, 8.02
எறும்பின் தலையைத் துண்டிக்கும் ஈ ஒன்று இருக்கிறதாமே, அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன?

கவிதா, 8.20
இருக்கிறது, அத்தை. ஃபோரிட் ஈ எறும்பின் உடலுக்குள் முட்டையிடும். புழு தலைக்குள் போய் வளர, தலை கழன்று விழும். ஆனால் நெருப்பெறும்புக்கென விடப்பட்ட ஈ கிறுக்கெறும்பைத் தீண்டாது. நமக்கு நெருக்கமான பாடம் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்ற கிறுக்கெறும்பு, ஒருவகை அரக்குப் பூச்சி சுரக்கும் இனிப்பான தேன்கழிவைக் குடித்துத்தான் பெருகியது. அந்த அரக்குப் பூச்சியை அழிக்கும் மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து வருவித்து, 2016-இல் விட்டார்கள். சித்தப்பா, உங்கள் மாமரங்களில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இருக்கின்றனவா?

சித்தப்பா, 8.27
கிளையெல்லாம் பிசுபிசுக்கிறது. இலையில் கரி படிந்திருக்கிறது.

கவிதா, 8.35
எறும்புக்குச் சோறு போடுவது அந்தப் பூச்சிகள் சுரக்கும் பிசுபிசுப்புதான். இன்றிரவு ஒரு தாளில் முறுக்குத் துண்டும், இன்னொன்றில் வெல்லப் பாகும் வைத்து, எதில் எத்தனை மொய்க்கிறது என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா, காலை 6.45
வெல்லத்தில் தாள் தெரியவில்லை, முறுக்கில் ஏழெட்டுத்தான். குட்டி ஒரு கண்ணைத் திறந்துவிட்டது.

கவிதா, 7.10
சானிடைசர் ஊற்றிய சிறு புட்டியில் பத்து எறும்பைப் போட்டு, பூச்சி ஒட்டிய கிளை ஒன்றையும் பையில் கட்டி, நாளை ஒத்தக்கடைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை பொடி வேண்டாம்.

அத்தை, 7.12
மீதி முறுக்கையும் எடுத்துவா, தம்பி.