1969 கமேரோ எஸ்எஸ்: இந்தக் குவாட்ராஜெட் கார்பரேட்டர் காரோடு வந்ததுதானா? உதவி தேவை

கமேரோ69
வணக்கம் நண்பர்களே. மிச்சிகனில் இருக்கிறேன். பல வருடம் சேர்த்த பணத்தில் போன மாதம் 1969 செவர்லே கமேரோ எஸ்எஸ் கார் ஒன்று வாங்கினேன். 350 கன அங்குல இன்ஜின், 300 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர். விற்ற பெரியவர், கார்பரேட்டர்கூட (இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது) கம்பெனியில் பூட்டியதுதான் என்று உறுதியாகச் சொன்னார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். ரோச்செஸ்டர் குவாட்ராஜெட், எண் 7029202. இது என் காருக்குச் சரியான எண்தான் என்று தேடியதில் தெரிந்தது. அப்படியென்றால் இது காரோடு வந்ததுதானே?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வண்டி இரண்டு நாள் நின்றால், காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. பெட்ரோல் வாசமும் வருகிறது. காரோடு ஒரு பெட்டியில் ஹாலி கார்பரேட்டர் ஒன்றும் கொடுத்தார். அதில் லிஸ்ட் 4053 என்று இருக்கிறது. அது எதற்கு என்று தெரியவில்லை.

ஸ்பானர்
வாழ்த்துகள் தம்பி. எண் சரியான எண்தான். 702க்கு அடுத்து வரும் 9 என்பது 1969. கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் பொதுவாக ஆட்டோமேட்டிக், ஒற்றைப்படை என்றால் கையால் மாற்றும் கியர். உங்கள் இன்ஜினுக்கே கையால் மாற்றும் கியர் இருந்தால் 7029203 வரும்.

ஆனால் சரியான எண் என்பது வேறு, உங்கள் காரில் முதலில் பூட்டியது என்பது வேறு. இதே எண்ணில் அந்த வருடம் நிறையச் செய்திருப்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். டிரைவர் பக்கம், கார்பரேட்டரின் நடு உடலின் பின்கோடியில், செங்குத்தாகக் குத்தியிருப்பார்கள்.

கமேரோ69
பார்த்தேன் அண்ணா. 1279 என்று தெரிகிறது. முதல் இலக்கத்தின் மேல் அழுக்கு படிந்திருக்கிறது.

ஃப்ளின்ட் வாசி
நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். அந்த நாலில் முதல் மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி இலக்கம் வருடம். 1279 என்றால் 1969இன் 127ஆவது நாள், அதாவது மே 7. (கார்ட்டர் கம்பெனியும் ரோச்செஸ்டருக்காகக் குவாட்ராஜெட் செய்தது. அவற்றில் மாதத்துக்கு ஒரு எழுத்தும் வருடத்துக்கு ஒரு இலக்கமும் வரும். உங்களுடையது அந்த வகை இல்லை.)

இப்போது இரண்டு இடம் பாருங்கள். ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) மேல் டிரைவர் பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் கார் கட்டிய மாதமும் வாரமும் இருக்கும். அப்புறம் இன்ஜினின் முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையான இடத்தில் குத்திய எண். இரண்டையும் எழுதுங்கள்.

கமேரோ69
தகட்டில் 03B. இன்ஜினில் V0224, அதன் பின் இரண்டு எழுத்து.

ஃப்ளின்ட் வாசி
V என்றால் ஃப்ளின்ட் இன்ஜின் தொழிற்சாலை, 0224 என்றால் பிப்ரவரி 24. 03B மார்ச் இரண்டாம் வாரம். அப்படியானால் மே மாதத்துக் கார்பரேட்டர் மார்ச் மாதத்துக் காரில் இருக்க வழியே இல்லை. கார்பரேட்டரின் தேதி காருக்கு முந்தியதாக இருக்க வேண்டும், சாதாரணமாகச் சில வாரமோ ஓரிரு மாதமோ.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 0 தேய்ந்தால் 1 மாதிரி தெரியும். 0279 என்றால் ஜனவரி 27, உங்கள் காருக்கு அழகாகப் பொருந்தும். கார்பரேட்டர் கிளீனரும் நைலான் பிரஷும் போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம், ஓரங்களைத் தேய்த்துவிடும். காய்ந்ததும் சாக்கட்டியைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். குத்தின பள்ளம் வெள்ளையாகத் தெரியும்.

கமேரோ69
அண்ணா, சுத்தம் செய்துவிட்டேன். சாக்கட்டி உட்கார்ந்ததும் நேர்க்கோடு போல் நின்றது. 1தான், வளைவே இல்லை. மனசு கொஞ்சம் வாடிவிட்டது. பெரியவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவரும் வேறொருவரிடம் வாங்கியவர்தான்.

ஸ்பானர்
வருத்தப்படாதீர்கள். இது அப்போதே யாரோ மாற்றியிருக்கலாம். எண்ணும் வகையும் ஒத்துப்போகும் கார்பரேட்டர் கிடைப்பதே பெரிய விஷயம். ஒன்றைக் கவனியுங்கள்: எண் நடு உடலில் மட்டும்தான் இருக்கும். மேல் மூடியும் கீழே உள்ள த்ராட்டில் பகுதியும் (காற்றுப் போக்கைத் திறந்து மூடும் பாகம்) வேறு கார்பரேட்டரிலிருந்து வந்திருக்கலாம். கடைகளில் பிரித்துக் கலந்து கட்டித் திருப்பிக் கொடுப்பது வழக்கம். உங்கள் சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் மூடி) எப்படி இருக்கிறது? இந்த இன்ஜினில் சோக்கை இயக்கும் சுருள், கார்பரேட்டருக்கு அடியில் உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் உட்கார்ந்து, ஒரு கம்பி வழியாகக் கார்பரேட்டரைத் தொடும். கார்பரேட்டரிலேயே மின்சாரச் சோக் இருந்தால் அது பிறகு மாற்றியது.

கமேரோ69
சுருள் மேனிஃபோல்டில்தான், கம்பியும் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி தேதி போட்ட ஒன்றைத் தேடட்டுமா?

ஃப்ளின்ட் வாசி
காட்சிக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் தேடுங்கள். ஆனால் தேதியை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தி விற்பவர்கள் உண்டு. எண்ணைச் சுற்றி உலோகம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தாலோ, இலக்கங்கள் வரிசை தப்பி இருந்தாலோ வாங்காதீர்கள். ஓட்டத்தான் வாங்கினீர்கள் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தும் அதுதான்.

அந்த ஹாலி உங்கள் காருக்கானது இல்லை. 4053 என்பது கமேரோவின் இன்னொரு வகையான இசட்/28இன் 302 இன்ஜினில் வந்த 780 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) ஹாலி. பத்திரமாக வையுங்கள், தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அதன் தேதி மூன்று குறிகளில் இருக்கும்: வருடம், மாதம், வாரம். 912 என்றால் 1969 ஜனவரி இரண்டாம் வாரம்.

ஸ்பானர்
காலைத் தொல்லைக்கு வருகிறேன். அந்தக் காலக் குவாட்ராஜெட்டின் அடியில் பெட்ரோல் கிண்ணத்துக்குக் கீழே சின்ன அடைப்பான்கள் இருக்கும். அவை கசிந்தால் இரவோடு இரவாகக் கிண்ணம் காலியாகி, பெட்ரோல் உள்ளே சொட்டும். கார்பரேட்டரைக் கழற்றி, அடிப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். அடைப்பான்களைச் சுற்றி ஈரமோ கறையோ இருந்தால் அதுதான். நன்றாகச் சுத்தம் செய்து, பெட்ரோலைத் தாங்கும் எபாக்சியால் மூடுங்கள். ஒரு நாள் காயவிட்டுப் பூட்டுங்கள்.

கமேரோ69
அடியைப் பிரித்தேன். பின்பக்கத்து அடைப்பானைச் சுற்றிப் பழுப்பு வளையமும் ஈரமும் இருந்தன. எபாக்சி போட்டு, புது கேஸ்கட் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் விட்டு இன்று காலை சாவியைத் திருப்பினேன். இரண்டாம் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. வாசமும் இல்லை. ஸ்பானர் அண்ணாவுக்கும் ஃப்ளின்ட் அண்ணாவுக்கும் மிகவும் நன்றி. மே மாதத்துக் கார்பரேட்டரோடுதான் ஓட்டப் போகிறேன்.