டாஷ்போர்டுக்கு ‘ஓட்டுநர் பலகம்’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் ஓட்டுநருக்கு முன்னால் வேகமானி முதலியவை இருக்கும் டாஷ்போர்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் கேள்விக்கு முகப்புப் பலகை, காட்டகம், மானிப்பலகை என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘முகப்பு விளக்கு’ என்றால் வண்டிக்கு வெளியே எரிவது என்று எல்லோருக்கும் தெரியும். ‘முகப்புப் பலகை’ மட்டும் வண்டிக்குள்ளே இருந்தால் படிப்பவர் தடுமாறுவார். காட்டகம் காதுக்கு இனிமைதான், ஆனால் காட்டின் உட்பகுதி என்ற பொருளில் அது முன்பே வழங்கும் சொல். மானிப்பலகையைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

ஆங்கிலப் பெயர் குதிரை வண்டியில் பிறந்தது. குளம்படியில் தெறிக்கும் சேறு, ஓட்டுபவர் மேல் படாமல் தடுத்த பலகை அது. மோட்டார் வண்டியில் அந்தத் தேவை போயிற்று. பெயர் நிலைத்தது, பலகையில் மானிகள் ஏறின. சுழல் மின்னோட்டத்தால் (சுழலும் காந்தம் உலோகத்தில் தூண்டும் மின்னோட்டம்) இயங்கும் வேகமானிக்கு ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்றார். எரிபொருள், வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் என மற்றவையும் சேர்ந்தன. அந்தக் காலத்துக்கு மானிப்பலகை நன்றாகவே பொருந்தும்.

இன்றைக்குப் பொருந்தாது. 1986இல் ப்யூக் ரிவியேரா காரிலேயே தொடுதிரை வந்துவிட்டது. 2012இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையை நடுவில் நிறுத்தியது. காட்டும் இடமும் இயக்கும் இடமும் ஒரே கண்ணாடியாகிவிட்டன.

இந்த மாற்றம் எனக்கு உவப்பாக இல்லை. குளிர்சாதனக் குமிழைக் கை தடவிக் கண்டுபிடிக்கிறது. திருப்பத் திருப்ப ஒவ்வொரு படியும் விரலில் ‘டக்’ என்று தட்டுகிறது. கண் சாலையை விட்டு நகர்வதில்லை. வழவழப்பான திரையிலோ கண்தான் இடம் தேட வேண்டும், குலுக்கலில் விரலை நிறுத்த வேண்டும், தொட்டது பதிந்ததா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடியில் வண்டி கடப்பது சுமார் 55 மீட்டர். ஒரு பார்வை இரண்டு நொடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலைக்கான பார்வை மொத்தம் 12 நொடிக்குள் அடங்க வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வழிகாட்டியது வெறும் சடங்கு அல்ல. ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் திசைகாட்டி விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் போன்றவற்றுக்குத் தனி விசைகள் (சுவிட்சுகள்) உள்ளனவா என்பதை 2026 முதல் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. மனம் நிறைந்து வரவேற்கிறேன்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் பார்ப்பதையும் இயக்குவதையும் ஒருசேரத் தாங்க வேண்டும். ‘மானி’ அளப்பதோடு நின்றுவிடுகிறது. என் பரிந்துரை ‘ஓட்டுநர் பலகம்’. ‘சூரியப் பலகம்’ ஏற்கெனவே புழங்குவதால் பலகம் புதிதாகத் தோன்றாது. யாருக்கான இடம் என்பதையும் சொல் சொல்லிவிடுகிறது. ‘ஓட்டுப்பலகம்’ என்று சுருக்கினால் தேர்தல் நினைவுக்கு வரும், வேண்டாம். மென்பொருளில் வரும் டாஷ்போர்டை இதனோடு கட்டாமல் ‘தகவல் பலகம்’ என்று தனியே விட்டுவிடலாம்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். வேகமானி முதலியவை சேர்ந்த பகுதி ‘மானித்தொகுதி’. நடுவில் இருப்பது ‘நடுத்திரை’. முன்கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் அமைப்புக்குக் ‘கண்ணெதிர்க்காட்டி’.

ஒன்றில் மட்டும் உங்கள் உதவி தேவை. திரையில் தெரியும் பொத்தானையும் கைக்கு அகப்படும் பொத்தானையும் பிரித்துச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றித் தமிழில் எழுதவே முடியாது. முதலாவதற்குத் ‘திரைப்பொத்தான்’ போதும். இரண்டாவதற்குத் ‘தொட்டுணர் விசை’ என்று எழுதிப் பார்க்கிறேன். குமிழும் நெம்புகோலும் அதில் அடங்கிவிடும். ஆனால் தொடுதிரையோடு குழப்பிக்கொள்ள இடமிருக்கிறது. ‘தொடு’ என்ற வேர் இல்லாமல் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.