கோயில் மைதானத்துக்கு ஹை மாஸ்ட் வருது: வெளிச்சமும் வேணும், வானமும் வேணும்

மூலனூர்_மேக்கால:
வணக்கமுங்க. மூலனூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவுல எங்க ஊரு. சுத்தியும் கொரங்காடும் (மேய்ச்சல் காடு) கிளுவை வேலியும்தான். வடமேக்க திருப்பூர் வெளிச்சத்தத் தவிர ராத்திரியில பெருசா ஒண்ணும் தெரியாது. ஊர்ப் பசங்க சேந்து அமாவாசைக்கு அமாவாசை நட்சத்திரம் பாக்கலாம்னு ஏற்பாடு பண்றோம். இந்த நேரத்துல மாரியம்மன் கோயில் மைதானத்துக்கு 12.5 மீட்டர் ஹை மாஸ்ட் (ஒயரமான கோபுர வெளக்கு), 200 வாட்ல ஆறு லைட்டு வருதுன்னு பேச்சு. கடைசி பஸ்ஸுல வர்ற பொம்பளைங்களுக்கு வெளிச்சம் கட்டாயம் வேணும், அதுல மாத்துப் பேச்சில்ல. வானமும் கெடாம, ஊரும் இருட்டாகாம எப்படிப் போடச் சொல்றது? நம்ம பக்கம் எந்த மாசம் என்ன பாக்கலாம், என்ன வாங்கலாம்ங்கறதையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயர்மேன்_காங்கயம்:
"ஹை மாஸ்ட் வேண்டாம்"னு மட்டும் போய் நிக்காதீங்க. "அதுக்குப் பதிலா இது"ன்னு கையில ஒரு காகிதம் இருக்கோணும்.

அத்தன ஒயரத்துல ஃப்ளட் லைட்ட நேராக் கீழ பாத்து மாட்டுனா வெளிச்சம் கம்பத்தடியிலயே நின்னுரும். அதனால 45, 60 டிகிரின்னு தூக்கி மாட்டுவாங்க. தூக்குனா மைதானத்தத் தாண்டிக் காட்டுக்கும் ஆகாசத்துக்கும் போயிருது. கரண்டுக் கணக்கையும் பாருங்க: 1200 வாட், ராத்திரிக்கு 11 மணி நேரம், 13.2 யூனிட். மாசம் 396 யூனிட். அதே மைதானத்துக்கு 6 மீட்டர் கம்பம் அஞ்சு, ஒண்ணுக்கு 30 வாட்னு போட்டா மாசம் 50 யூனிட் வாக்குல முடிஞ்சிரும். ஒயரம் பாதியானா அதே லைட்டு நேர் கீழ நாலு மடங்கு வெளிச்சம் தரும், அதனாலதான் வாட் கொறைஞ்சாலும் தரை நல்லாத் தெரியுது.

ஃபிட்டிங்கோட அடிக் கண்ணாடி தட்டையா இருக்கோணும். கீழ உப்பிட்டு வர்ற மூடி இருந்தா பக்கவாட்டுல வெளிச்சம் போய்க் கண்ணு கூசும். தட்டைக் கண்ணாடி வாங்கியும் கெட்டுப்போற எடம் ஒண்ணு இருக்குதுங்க: கம்பத்து ஆர்ம். அது 15 டிகிரி வாக்குல மேல பாத்து வளைஞ்சே வரும். அப்படியே சொருகுனா லைட்டும் மேல பாக்கும். திருப்பி வெக்கற பிராக்கெட் போட்டு, ரசமட்டம் வெச்சுக் கண்ணாடியத் தரைக்குச் சமமா நிறுத்துங்க. சமமா இருந்தா கண்ணாடி மட்டத்துக்கு மேல நேரா ஒண்ணும் போகாது, தனியா மறைப்புத் தகடே வேண்டியதில்ல.

பழைய உப்புன லைட்ட மாத்தக் காசில்லீன்னா மட்டும் தகடு: ஒரு மில்லி அலுமினியம், எல்.ஈ.டி. மட்டத்துக்குக் கீழ 6, 7 சென்டிமீட்டர் எறங்கற மாதிரி, உள்பக்கம் மேட் கறுப்புப் பெயின்ட். லைட்டு முதுகுல சூட்ட வெளிய விடற ஹீட் சிங்க மூடாதீங்க, சூடு போக வழியில்லாம டிரைவர் (எல்.ஈ.டி.க்குக் கரண்டு குடுக்கற உள்பெட்டி) போயிரும். பாடியில ஓட்டை போடவும் வேண்டாம், மழத்தண்ணி எறங்கும். கிளாம்ப் போட்டு லாக் நட்டு முறுக்குங்க, இல்லாட்டி ஆடிக்காத்துல தகடு தடதடன்னு அடிச்சு கழண்டு விழும்.

வெளிச்ச நிறத்தக் கெல்வின்ல சொல்வாங்க, எண்ணு கொறையக் கொறைய மஞ்சளாகும். 2700 கெல்வின் வாங்குங்க, 2200 கெடைச்சா இன்னும் நல்லது. கடையில 6500 வெள்ளைதான் முன்னால எடுத்து வெப்பாங்க. அதுல நீலம் ஜாஸ்தி, நீலம் காத்துல அதிகமாச் சிதறி வானத்த வெளுக்கும். வெள்ள லைட்டு மேல மஞ்சக் கண்ணாடித்தாள் ஒட்டற வேலை வேண்டாம், சூட்டுல சுருங்கி உரிஞ்சிரும்.

டைமர்ல சாதா மெக்கானிக்கல் டைமர் ஆகாது. கரண்டு போற நேரமெல்லாம் அது நின்னு போய், பத்து நாள்ல பட்டப்பகல்ல எரியும். அட்சரேகை, தீர்க்கரேகை போட்டா அந்த ஊர்ப் பொழுது விழற, விடியற நேரத்தத் தானே கணக்குப் போடற அஸ்ட்ரோ டைமர் பேட்டரியோட வாங்குங்க. உங்களுக்கு 10.8 வடக்கு, 77.7 கிழக்கு போட்டாப் போதும். பஸ் நிறுத்தத்து லைட்டும் கோயில் வாசல் லைட்டும் விடிய விடிய, மீதி மூணும் பத்தரைக்கு அணையற மாதிரி ரெண்டு சர்க்யூட் பிரிச்சிருங்க. கம்பத்துல நீங்களே ஏறாதீங்க, மின்வாரிய ஆள் லைன் ஆஃப் பண்ணித்தான் எதுவும்.

தெக்குவானம்:
திருப்பூர் வெளிச்சத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நகரத்தின் ஒளிமூட்டம் தூரத்தின் இரண்டரை அடுக்கு விகிதத்தில் குறையும். அதாவது தூரம் இரட்டிப்பானால் மூட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் குறைந்துவிடும். நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊரைவிட, முந்நூறு மீட்டரில் எரியும் ஒரு ஹை மாஸ்ட்தான் உங்களுக்கு எதிரி.

நமக்கு அதிர்ஷ்டம், நல்ல சரக்கெல்லாம் தெற்கே இருக்கிறது. 11 டிகிரி அட்சரேகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், வேலியே மறைத்துவிடும். தெற்கே தை, மாசியில் இரவு ஒன்பது மணிக்கு அகத்தியர் மீன் (கனோபஸ்) 26 டிகிரி உயரத்தில் நிற்கும். சித்திரைக் கடைசியில் அதே நேரத்துக்குத் திரிசங்கு (தெற்குச் சிலுவை) 19 டிகிரியில் நேராக நிமிர்ந்து நிற்கும், வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம். இரண்டையும் ஒரே இரவில் காட்டலாம். வடநாட்டில் பல ஊர்களுக்கு இது வாய்க்காது. திரிசங்குக்குக் கிழக்கே மேலாக ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. வெறுங்கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம், 10x50 பைனாகுலரில் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்) பஞ்சு உருண்டை. வந்தவர்களுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

பால்வீதியின் நடுப்பகுதி மாலையில் உச்சிக்கு வருவது ஆடி, ஆவணியில். அப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும், டெலஸ்கோப்பும் நடுங்கும். அதற்குப் பதில் மாசி, பங்குனியில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தென்கிழக்கே பாருங்கள். கேட்டை, மூலம் வழியாக அது முழுசாக எழுந்து நிற்கும். ஆண்ட்ரோமிடா கேலக்ஸியைக் கார்த்திகையிலேயே, மழை விட்ட இரவில் பார்த்துவிடுங்கள். தை பிறந்தால் அது மாலையில் வடமேற்கே சாய்ந்து திருப்பூர் வெளிச்சத்துக்குள் போய்விடும்.

அமாவாசை அன்றுதான் என்றில்லை. பௌர்ணமி கழிந்து ஆறாம் நாளிலிருந்து நிலா இரவு பதினொன்றை ஒட்டித்தான் எழும். அதிலிருந்து வளர்பிறை நாலாம் நாள் வரை முன்னிரவு உங்களுடையது. பொழுது விழுந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

டெலஸ்கோப்பை முதலில் வாங்காதீர்கள். இரண்டு 10x50 பைனாகுலர், ஒரு டிரைபாட், அவ்வளவுதான். 20x, 30x என்று எழுதி விற்கிற கைப்பிடி பைனாகுலர் கை ஆடுவதால் எதற்கும் உதவாது. ஒரு வருடம் கூட்டம் நிலைத்தால் 6 அங்குல டாப்ஸோனியன் (கையால் திருப்பிப் பார்க்கும் எளிய டெலஸ்கோப்). பனிக் காலத்தில் பைனாகுலரின் முன்கண்ணாடி வேர்க்கும், அதற்கு ஃபோம் பாயில் கறுப்புக் குழாய் சுற்றிக் கண்ணாடி அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னே நீட்டிவிடுங்கள். துணியால் துடைக்கக் கூடாது, பூச்சு போய்விடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு செல்போன் திரை அதைக் கெடுத்துவிடும். எல்லாப் போனையும் வாசலிலேயே ஒரு பையில் போடச் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

கரட்டுத்தோட்டம்:
மேல சொன்னதெல்லாம் சரி, தோட்டத்துக்காரன் பாடு ஒண்ணையும் யாரும் சொல்லலீங்க. கொரங்காட்டுல செருப்பில்லாம, டார்ச்சில்லாம பசங்கள எறக்காதீங்க. நெருஞ்சி பரவாயில்ல, கண்ணாடி விரியன் இருக்குது. பாய் விரிக்கற எடத்தப் பொழுதோடவே வெள்ள டார்ச்சு அடிச்சுப் பாத்துக்கோணும், அப்புறம் செவப்பு டார்ச்சு, அது இருட்டுக்குப் பழகுன கண்ண அவ்வளவாக் கெடுக்காது. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் இருந்தா நல்லது.

சாளையிலயும் (தோட்டத்து வீடு) மாட்டுக் கட்டுத்தாரையிலயும் விடிய விடிய எரியற ஃப்ளட் லைட்டுக்குப் பதிலா ஆள் வந்தா மட்டும் எரியற சென்சார் லைட்டு போடச் சொல்லலாம். ஆனா ரெண்டரை மீட்டருக்கு மேல மாட்டுனா ஆளச் சரியாக் கண்டுபிடிக்காது, மாடு கட்டற எடத்தப் பாத்து வெச்சா ராத்திரி பூரா எரிஞ்சணையும். வாசப்படியக் குறுக்க பாத்து மாட்டோணும். அது சூட்ட வெச்சு ஆளக் கண்டுபிடிக்குது, அதனால சித்திரை வெயில்ல செவுரும் காத்தும் ஒடம்புச் சூட்டுக்கு வந்துட்டாச் சரியா வேலை செய்யாது. "லைட்டு கெட்டுப் போச்சு"ன்னு அந்த மாசத்துல கழட்டி எறியாம இருக்கச் சொல்லிப் போடுங்க.

கடலைக்காட்டுல மொத மழைக்குப் பொறகு செவப்புக் கம்பளிப்புழு அந்துப்பூச்சிக்கு விளக்குப்பொறி வெப்பாங்க. அதையும் அணைக்கச் சொல்லி வெவசாயிகிட்டப் போயிராதீங்க. பூச்சி வர்றது ஏழுல இருந்து பதினொண்ணுக்குள்ளதான், அதுக்கு மேல எரியவிட வேண்டியதில்லைன்னு மட்டும் சொன்னாக் கேப்பாங்க. நோம்பி சீரியல் செட்டையும் விட்டுருங்க. மூணு நாளைக்காகச் சண்டை புடிச்சா வருசம் பூரா எவனும் உங்க பேச்சக் கேக்க மாட்டான்.

மூலனூர்_மேக்கால:
ரொம்ப நன்றிங்க. ஊர்க்கூட்டத்துல "வெளிச்சம் கொறைஞ்சா திருட்டு வரும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றது?

ஊராட்சி_பக்கம்:
நட்சத்திரத்தப் பத்தி அங்க மொதல்ல பேசாதீங்க. கண்கூச்சத்தக் காட்டுங்க. மேல பாத்துச் சாஞ்ச தெருவிளக்கு ஒண்ணுக்கு எதுக்க 30 மீட்டர்ல நாலு பேர நிறுத்தி, கம்பத்துக்குப் பின்னால ஒரு ஆள நிக்க வெயுங்க. ஆளு தெரியாது. அப்புறம் உள்ளங்கையால லைட்ட மட்டும் மறைச்சுப் பாக்கச் சொல்லுங்க. உடனே தெரிவான், சட்டை நிறம்கூடச் சொல்லலாம். திருடனுக்கு உதவறது எதுன்னு அவங்களே பேசிக்குவாங்க.

தமிழ்நாட்டுல கிராமசபை வருசத்துக்கு ஆறு தடவ: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்கூட்டியே வார்டு உறுப்பினர்கிட்டயும் ஊராட்சிச் செயலர்கிட்டயும் மனு குடுத்துக் கூட்டப்பொருள்ல சேத்திருங்க. அன்னிக்கு வந்து எந்திரிச்சுப் பேசுனா "பாக்கலாம்"னு முடிஞ்சிரும். தீர்மானத்துல "இருண்ட வானம்"னு பொதுவா எழுதாதீங்க. கம்ப ஒயரம், வாட், 2700 கெல்வினுக்கு மேல கூடாது, கண்ணாடி தரைக்குச் சமம், பத்தரைக்கு மூணு லைட்டு அணையோணும், இத்தனையும் எண்ணோட வரணும். எண்ணிருந்தாத்தான் கான்ட்ராக்டர் வாங்கிட்டு வர்றப்ப பெட்டியப் பாத்துச் சரிபாக்க முடியும். மாசம் 396 யூனிட், 50 யூனிட் கணக்கும் கூடவே. கட்டறது ஊராட்சிதான, அது காதுல விழும். யாராச்சும் "இதெல்லாம் எங்க நடக்குது"ன்னு கேட்டா, கொல்லிமலையில இருண்ட வானப் பூங்கா வரும்னு நம்ம வனத்துறையே அறிவிச்சதச் சொல்லுங்க.

மாஸ்ட் ஏற்கெனவே அனுமதியாயிருந்தாலும் வழி இருக்குது. வின்ச் (கம்பி சுத்தி ஏத்தி எறக்கற உருளை) வெச்ச மாஸ்ட்டா இருந்தா லைட்டு வளையத்தக் கீழ எறக்கி வேலை பாக்கலாம். ஆறுல மூணக் கழட்டி வேற தெருவுக்குக் குடுத்துட்டு, மீதி மூணக் கண்ணாடி கீழ பாக்கத் திருப்பி, டைமர் போடச் சொல்லிக் கேளுங்க. பெருசாப் புதுச் செலவு இல்லீங்கறதால இதுக்கு அவ்வளவா மறுப்பு வராது. ஆனா ஃப்ளட் லைட்டு பூரா கீழ பாத்தா மைதானத்து ஓரம் இருட்டாகும், அதனால பஸ் நிறுத்தத்துக்குத் தனியா ஒரு 6 மீட்டர் கம்பம் அதே மனுவுலயே கேட்டுருங்க.