புரோட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழில் என்ன? (வியாழன் காலைக்குள் வேண்டும்)

உதகை ஆசிரியை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. 200 லிட்டர், இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், நிறையப் பாசி. வெள்ளிக்கிழமை கண்காட்சி. ஒவ்வொரு கருவிக்கும் தமிழில் பெயரட்டை ஒட்டச் சொல்லிவிட்டார்கள். ஹீட்டருக்குச் சூடாக்கி என்றும் பம்புக்கு எக்கி என்றும் போட்டுவிட்டேன், அவற்றில் சண்டை வேண்டாம்.

சிக்கல் புரோட்டீன் ஸ்கிம்மரில். உயரமான உருளை அது. உள்ளே காற்றும் நீரும் பொடிக் குமிழிகளாகச் சுழலும். மீன் கழிவு, மிஞ்சிய தீனி இவற்றிலிருந்து வரும் கரிமப்பொருள் குமிழியின் தோலில் ஒட்டி, நுரையாகக் கழுத்து வழியே ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் வழியும். இரண்டு நாளில் கிண்ணத்தைப் பார்த்தால் ஆறிப்போன டிகாக்‌ஷன் மாதிரி ஒரு திரவம். வாசனைதான் வேறு. அதை எடுக்காவிட்டால் நீரிலேயே சிதைந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாகிப் பாசிக்குச் சோறாகிவிடும்.

'புரதநீக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

குன்னூர்த் தம்பி, திங்கள் இரவு

அக்கா, ஆங்கிலப் பெயரே அரைகுறைதான். புரதம் மட்டுமா வருகிறது? ஒரு முனை நீரை விரும்பி மறுமுனை நீரை வெறுக்கும் மூலக்கூறு எதுவானாலும் குமிழியில் ஒட்டும். நுரைதான் அங்கே விஷயம். 'நுரைநீக்கி' என்று வையுங்கள், சின்னதாகவும் இருக்கிறது.

கோத்தகிரி ஐயா, செவ்வாய் காலை

நுரைநீக்கி கூடவே கூடாது. தொகையை விரித்துப் பாருங்கள். நுரையை நீக்குவது என்று இரண்டாம் வேற்றுமையாகத்தான் எவரும் விரிப்பார்கள். நீங்கள் சொல்வதோ நுரையால் நீக்குவது. அதற்கு மூன்றாம் வேற்றுமை உருபும் (ஆல்) அதன் பொருளை விளக்கும் பயன்சொல்லும் உடன்தொக்கிருக்க, அதாவது மறைந்திருக்க வேண்டும். பொற்குடம் என்றால் பொன்னால் ஆன குடம் என்று பொருள் தானே வந்து நிற்கிறது. இங்கே நிற்கவில்லை.

நுரை என்ற சொல்லே அழகானது. நொய், நொய்ம்மை, நுண், நுரை எல்லாம் ஒரு வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். பாசியும் அப்படித்தான், பசுமையின் பிள்ளை. இந்தத் தொட்டிக்காரர்கள் சிவப்புப் பாசி என்கிறார்களாமே, பசுமையில் ஏது சிவப்பு?

குன்னூர்த் தம்பி, செவ்வாய் மதியம்

ஐயா சொன்ன வேற்றுமைக்கு எங்கள் ஆய்வகமே சாட்சி. வளர்ப்புக் கலனில் நுரை பொங்காமலிருக்க ஒரு மருந்து சொட்டுவோம், அதை நாங்கள் நுரைநீக்கி என்றுதான் சொல்கிறோம். அதைத் தொட்டியில் ஊற்றினால் அக்காவின் கருவி அன்றைக்கே படுத்துவிடும். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் பசுமைக்குச் சிவப்பு ஆகாது என்பதை ஏற்க மாட்டேன். பசும்பொன் பச்சையா? பிரிவில் தலைவி மேனியில் படரும் பசலை பச்சையா? அப்புறம், அந்தச் சிவப்புச் சளி பாசியே இல்லை, பாக்டீரியா. பாடப்புத்தகத்தில் அதன் குடும்பப் பெயர் நீலப்பசும்பாசி. நிறத்திலேயே சிவந்திருக்கிறது, பெயரிலே நீலமும் பச்சையும்!

கோத்தகிரி ஐயா, செவ்வாய் மாலை

பசலையைத் தொட்டுவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. குறுந்தொகை 399, பரணர்:

ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே

கை பட்ட இடத்தில் விலகி, கை எடுத்த இடத்தில் மூடிக்கொள்ளும் பாசி. கேணியில் குடத்தை முக்கியவர்தான் இதை எழுத முடியும்.

உதகை ஆசிரியை, செவ்வாய் இரவு

ஐயா, ஞாயிறுதோறும் பல்துலக்கும் பிரஷை வைத்து நான் செய்வது அதேதான். நூல் நூலாகப் படர்ந்த பாசியைப் பாறையிலிருந்து பிடுங்கினால் புதன்கிழமை மறுபடி வந்து நிற்கும். பரணரின் தலைவிக்குக் காரணம் பிரிவு, எனக்கு பாஸ்பேட். நத்தை விட்டுப் பார்த்தேன், கண்ணாடியை மட்டும் துடைத்துத் தருகிறது.

பெயர் இன்னும் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

கூடலூர் அக்கா, செவ்வாய் இரவு

எனக்கு இலக்கணம் தெரியாது. சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுவோம். பால் திரண்டு அழுக்கை இழுத்துக்கொண்டு நுரையாக மேலே வரும், கரண்டியால் வழித்துப் போடுவோம். நீங்கள் சொல்லும் கருவி இதைத்தானே செய்கிறது? நாங்கள் அதை 'அழுக்கெடுப்பது' என்போம். 'அழுக்கெடுப்பான்' போதாதா?

இன்னொன்று. மலையில் உப்புநீரா என்று யாரோ போன மாதம் சிரித்தார்கள். தோடர்கள் குழியில் நீர்விட்டு உப்பைக் கரைத்து எருமைகளுக்குக் கொடுப்பதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். உங்கள் தொட்டிக்கு அது மூத்தது.

கோவை மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

அழுக்கெடுப்பான் என்றால் சலவைப்பொடி என்று நினைப்பார்கள். ஸ்கிம்மர் என்றே போடுங்கள். கடையில் போய் வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் முழிப்பார்கள். பஸ், கரண்ட் எல்லாம் வந்தபோது தமிழ் செத்தா போயிற்று?

கோத்தகிரி ஐயா, புதன் காலை

கடைக்காரருக்காக அட்டை எழுதவில்லை, பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். என் முடிவு: 'நுரைவழிக் கழிப்பான்'. வேற்றுமையில் குழப்பமே இல்லை.

உதகை ஆசிரியை, புதன் மதியம்

ஐயா, கழிப்பான் என்று எழுதினால் எட்டாம் வகுப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மன்னியுங்கள்.

குன்னூர்த் தம்பி, புதன் மாலை

'நுரையேற்றி'? இந்தக் கருவி நுரையை உண்டாக்கி மேலே ஏற்றுகிறது. நுரையை ஏற்றுவது, இரண்டாம் வேற்றுமையே சரியாக வருகிறது. கழுத்தில் கொழுப்புப் படலம் ஒட்டினால் நுரை ஏறாது, அதற்காகத்தானே அக்கா வாரம் இருமுறை துடைக்கிறார்? 'நுரை ஏறவில்லை' என்று இப்போதே வாயில் வருகிறது.

உதகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 25 பாகை உப்புநீரில் கடற்கரையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் போல ஆக்சிஜன் கரையும், இங்கே 5க்குக் கொஞ்சம் மேல். இத்தனை குமிழியைக் கலக்கும் கருவிதான் மீனுக்கு மூச்சும் கொடுக்கிறது. ஏற்றி என்றால் காற்றேற்றுவதும் காதில் விழும்.

கூடலூர் அக்கா, புதன் இரவு

நுரையேற்றி, நுரையீரல். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கோத்தகிரி ஐயா, புதன் இரவு

நுரையை ஏற்றுவது சரி. ஏற்றி எதைப் பிரிக்கிறது? பயன் சொல்லில் இல்லை. லாரியில் மூட்டை ஏற்றுவது போல் இருக்கிறது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

கோவை மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

அடியில் சிறிய எழுத்தில் ஸ்கிம்மர் என்று போட்டால் நானும் சரி.

உதகை ஆசிரியை, வியாழன் காலை

நுரையேற்றி, அடியில் ஸ்கிம்மர். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. மூவர் சரி, ஒருவர் மறுப்பு, மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நேற்றிரவு இங்கே மின்சாரம் போய், காலையில் வந்ததும் கிண்ணம் நிரம்பித் தரையெல்லாம் வழிந்திருக்கிறது. துடைத்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும்.

கோத்தகிரி ஐயா, வியாழன் காலை

வழிந்தது என்றீர்களே அம்மா. 'நுரைவழிப்பான்' எப்படி? வழி, வழிதல், வழித்தல் மூன்றும் வருகின்றன. கூடலூர் அம்மாவும் கரண்டியால் வழித்துப் போடுவோம் என்றுதான் எழுதியிருக்கிறார். அச்சகத்தை நிறுத்தி வைக்க முடியுமா?