புதுப்பிப்பு: அக்காவின் ரத்தசோகைக்குக் காரணம் கோதுமை

8 மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் அக்காவுக்கு ரத்தம் ஊறவில்லை, வாய்ப்புண் ஆறவில்லை, முழங்கையில் அரிக்கும் கொப்புளம் வேறு என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பழுதாகும் நோய். வயிற்றுப்போக்கே இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோபி என்று பார்த்துத்தான் உறுதியானது. சிறுகுடல் பழுதானால் இரும்பு உடம்பில் சேராதாம். கொப்புளமும் அதே நோய் தோலில் காட்டும் வேலைதான். (பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தப்பாக வரலாம்.)

இனி அவளுக்குக் கோதுமை கூடாது. இட்லி, இடியாப்பம், சொதி எல்லாம் சரி. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் கோதுமை மாவு! அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, கேட்கவே வேண்டாம். “அல்வா திங்காம திருநெல்வேலில எதுக்குல இருக்கணும்?” என்கிறாள் அக்கா.