பாறை வெடிப்பில் விட்ட சாயம் முழுதாகத் திரும்பவில்லை: எங்கே போகிறது?

வணக்கம். சேலத்தில் புவியியல் முதுகலை படிக்கிறேன். அணுக்கழிவை ஆழப் பாறையில் புதைத்தால், கதிரியக்கத் தனிமங்கள் வெடிப்பு வழியாக எப்படி நகரும் என்பது என் ஆய்வு. கதிரியக்கப் பொருளைக் கல்லூரியில் தொட முடியாது என்பதால் யுரானின் என்ற ஒளிரும் சாயம் வைத்துப் பார்க்கிறேன். ஏற்காட்டுச் சார்னோக்கைட் பாறை, 20 செ.மீ. கோர் (துளையிட்டு எடுத்த உருளைத் துண்டு), நீளவாக்கில் ஒரே வெடிப்பு. சிரிஞ்சு பம்பில் மணிக்கு 0.1 மி.லி. தண்ணீர். வெளிவரும் தண்ணீரில் சாயத்தின் அளவு முதல் நாளே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் மெல்லக் குறையும் வால் நீண்டுகொண்டே போகிறது. பத்து நாளில் 71 சதவீதம்தான் திரும்பியது. பரவல் (dispersion, வெடிப்பில் ஓடும்போதே சாயம் முன்னும் பின்னும் சிதறுவது) குணகத்தை எவ்வளவு கூட்டினாலும் வளைவு பொருந்தவில்லை. கசிவும் இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பதில் 1: மாதிரிக் குப்பிகள் எங்கே இருக்கின்றன? யுரானின் வெயிலில் வெளுத்துவிடும். பி.எச். 7-க்குக் கீழே இறங்கினாலும் ஒளிர்வு குறையும். அலுமினியத் தாள் சுற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேட்டவர்: ஜன்னலோரம்தான் வைத்திருந்தேன், அண்ணா. தாள் சுற்றி ஓட்டியதில் 83 வந்தது. வால் மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் 2: தம்பி, மீதி 17-ஐப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். கோரின் வெட்டுமுகத்தை நனைத்துப் பாருங்கள். வெடிப்பின் இரு ஓரமும் துருப்பிடித்த பழுப்பாக, நகத்தின் அகலத்துக்குச் சிதைந்திருக்கும். அந்த நுண்துளைகளுக்குள் சாயம் புகுந்து மெல்லத் திரும்புகிறது. இதுதான் மேட்ரிக்ஸ் டிஃப்யூஷன். ஸ்வீடனின் நெரெட்னீக்ஸ் 1980-லேயே இதன் முக்கியத்துவத்தைக் காட்டினார்.

வாலை லாக்-லாக் தாளில் (இரு அச்சும் மடக்கை அளவில்) போடுங்கள். சரிவு −1.5-ஐ ஒட்டி வந்தால் நல்ல அறிகுறி. அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: வால் ஓடும்போது பம்பை இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். துளைக்குள் இருந்த சாயம் வெடிப்புக்குத் திரும்பியிருந்தால் அளவு ஏறும். வெறும் பரவலென்றால் ஏறாது. புரோமைடையும் சேர்த்து விடுங்கள். சின்ன அயனி, யுரானினைவிட வேகமாக ஊடுருவும். அதன் உச்சம் தாழ்ந்து வால் தடித்தால் சந்தேகமே வேண்டாம்.

சாயம் போலவே கதிரியக்கத் தனிமங்களும் துளைகளுக்குள் புகுந்து தாமதமாகும். இந்தத் தாமதம் எல்லாத் தனிமத்துக்கும் ஒரே மாதிரி உதவாது. சீசியம்-137-இன் அரையாயுள் 30 ஆண்டு. பயோடைட் என்ற கருநிற மைக்கா கனிமத்தில் ஒட்டிக்கொண்டு 300 ஆண்டு தாமதித்தாலே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அயோடின்-129 பாறையில் ஒட்டாது, அரையாயுளும் 1.57 கோடி ஆண்டு. எந்தத் தனிமத்துக்காகப் பேசுகிறீர்கள் என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேட்டவர்: சார், நிறுத்தும் முன் 6 பிபிபி (நூறு கோடியில் 6 பங்கு). இரண்டு நாள் கழித்துப் பம்பைப் போட்டதும் 9! பழுப்பு ஓரமும் தெரிகிறது. நாளைக்கே புரோமைடு கேட்டு எழுதப்போகிறேன்.