புதுக் காரில் கோளாறு: இருக்கும் சட்டம் போதுமா?

வேளச்சேரிவாசி:
கார் வாங்கி ஏழு மாதம். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போதே இரண்டு முறை இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் மாநகரப் பஸ், பின்சீட்டில் என் அம்மா. ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டாயிற்று. "சரியாகிவிட்டது சார்" என்றே ஒவ்வொரு முறையும் சாவியை நீட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை, உயிருக்கு ஆபத்தானதென்றால் இரண்டே முறை பழுதுபார்த்தும் தீராவிட்டால், நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்பு தந்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதன்பின் மாற்று வண்டி அல்லது பணம். இங்கே அப்படிக் கணக்கு வைத்த சட்டம் இல்லை.

மயிலை வக்கீல்:
2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதும் ஐயா. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீலும் கட்டாயமில்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். சட்டமே இல்லை என்று நினைத்துப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

வேளச்சேரிவாசி:
வழக்குப் போட வழி இருப்பதை நான் மறுக்கவில்லை. உற்பத்திக் கோளாறு என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில்? ஆய்வகச் சோதனைக்கு ஆகும் செலவைக்கூட முதலில் என்னையே கட்டச் சொல்லலாம். மாருதி கார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2006இல், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதற்கு மட்டுமே என்று சொல்லி, முழுக் காரையும் மாற்றித் தரும் உத்தரவை நீக்கிவிட்டது. எத்தனையாவது முறைக்குப் பிறகு "போதும்" என்று நான் சொல்லலாம்?

மயிலை வக்கீல்:
அந்த எண் சட்டத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் வந்தாலும், நான்காவது முறையை "வேறு கோளாறு" என்று எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பல்லாவரம் மெக்கானிக்:
இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவன் சொல்கிறேன். சார், வண்டியை விடும்போது புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் சீட்டு, அந்த ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். "ஓடும்போது இன்ஜின் நிற்கிறது" என்று உங்கள் வாய்ச்சொல் அதில் இருக்கிறதா?

வேளச்சேரிவாசி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. ஐந்தில் மூன்றில் "பொதுச் சோதனை" என்று மட்டும் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமை ஆறாவது முறையாக விடுகிறேன். "இன்ஜின் நிற்கிறது" என்று எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வக்கீல் ஐயா, அந்த மூன்று கார்டுகளுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள்.